கேட்க முடியாதவருக்காக எழுதுங்கள்

(கணினித் தொழிலும் நம் இளையோரும் என்பது பற்றிப் பாரிட் புந்தாரில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் கணினித் துறையில் என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம், எவ்வளவு சம்பளம் கிடைக்கும் என்பதையெல்லாம் விளக்கமாகச் சொன்னார்கள். பெற்றோர்கள் குறிப்பெடுத்துக் கொண்டதையும் பார்த்தேன். நான் பேசப்போவது, அவசியம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு, பெரும்பாலோர் கடைசி நாள் வரை தள்ளிப் போடும் ஒரு வேலையைப் பற்றி. தான் உருவாக்கிய மென்பொருளைப் பற்றி, அடுத்து வரும் நிரலாளருக்குப் புரியும்படி எழுதி வைக்கும் வேலை அது. துறையில் இதை டாக்குமெண்டேஷன் என்பார்கள். நாம் விளக்கக் குறிப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

தொலைக்காட்சியில் பேசுகிறவருக்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். ஒரு நேரடி ஒளிபரப்பில் கேமராவுக்கு முன் நிற்பவர் ஓரிடம், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஓரிடம், ஒலிக்குப் பொறுப்பானவர் ஓரிடம். நிகழ்ச்சி ஓடிக் கொண்டிருக்கும்போது நிறுத்திச் சந்தேகம் கேட்க முடியாது. எந்த நிமிடத்தில் எந்தப் படம் வர வேண்டும், யாருடைய ஒலிவாங்கி திறக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு தாளில் இருந்தாக வேண்டும். தாளில் இல்லாதது திரையிலும் இருக்காது. நிரலாளருக்கு எழுதும் விளக்கக் குறிப்பும் அப்படிப்பட்ட தாள்தான்.

துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினால் கூடவே ஒரு சிறு புத்தகம் தருகிறார்கள். அது வீட்டில் பயன்படுத்துகிறவருக்கு. அந்த இயந்திரத்தைப் பழுது பார்க்கிற மெக்கானிக்குக்கு வேறு ஒரு புத்தகம் இருக்கிறது. எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்தப் பாகத்தைக் கழற்றும் முன் எதை நிறுத்த வேண்டும் என்று அதில் இருக்கும். நான் பேசுவது இந்த இரண்டாவது புத்தகத்தைப் பற்றி.

இங்கே ஒரு மொத்த வியாபாரக் கடையை நினைத்துக் கொள்ளுங்கள். முதலாளியின் அண்ணன் மகன் கணினி படித்தவர். கடைக்கு பில் போடும் மென்பொருளை அவரே எழுதிக் கொடுத்தார். நன்றாகவே ஓடியது. பிறகு அவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஓராண்டு கழித்து ஏதோ ஒன்று மாற வேண்டியிருக்கிறது. புதிதாக வந்த பையன் திறமைசாலிதான். ஆனால் எந்தக் கோப்பு எதற்கு, எதைத் தொட்டால் எது நிற்கும் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கப்படவில்லை. இரவு பதினொரு மணிக்குச் சிங்கப்பூருக்குத் தொலைபேசி போட்டுக் கேட்க முடியுமா? முதல் தடவை அண்ணன் மகன் எடுப்பார். ஐந்தாவது தடவை எடுப்பாரா?

தோட்டத்தில் பால்மரம் சீவக் கற்றுக்கொண்ட நம் பெரியவர்களுக்கு யாரும் புத்தகம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாக வெட்டினால் பால் வராது என்பதைத் தாயோ மாமனோ பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டினார்கள். பக்கத்தில் ஆள் இருந்ததால் அது போதும். மென்பொருளில் பக்கத்தில் ஆள் இல்லை. ஈப்போவில் எழுதியதைப் பாயான் லெப்பாசில் இருப்பவர் படிக்கிறார். இன்றைக்கு எழுதியதை ஆறு ஆண்டுகள் கழித்து ஒருவர் படிக்கிறார். அவரால் உங்களைக் கேட்க முடியாது. எனவே எழுதுகிறவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எனக்கு இது சொல்லாமலே தெரியும்; அவருக்குத் தெரியுமா?

மூன்று மாநிலம், மூன்று எண்

நம் ஊரை வைத்தே சொல்கிறேன். பாரிட் புந்தார் பேராக் மாநிலம். பக்கத்து ஊரான நிபோங் திபால் பினாங்கு. ஆற்றைத் தாண்டினால் பண்டார் பாரு, அது கெடா. நம் ஊர் வாசலிலேயே இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம்கூட முகவரியில் பினாங்குதான். இது நம் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பெங்களூரிலோ மணிலாவிலோ உட்கார்ந்து நம் கடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்?

உள்நாட்டு வருமான வரி வாரியம் மின் விலைப்பட்டியல் முறையை 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி தொடங்கியது. முதலில் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்கள். 2025 ஜனவரியிலும் ஜூலையிலும் அதைவிடச் சிறியவை என்று படிப்படியாக விரிந்தது. இந்த முறையின் பெயர் மைஇன்வாய்ஸ். கடையின் கணினி வாரியத்தின் கணினியோடு நேரடியாகப் பேச வேண்டும் என்றால், இரண்டும் ஒரே மாதிரி பேச வேண்டும். அதற்காக நிரலாளர்களுக்கென்றே வாரியம் ஒரு விளக்கக் குறிப்பை வெளியிட்டிருக்கிறது. நம் நாட்டில் பலதரப்பட்ட நிரலாளர்களும் ஒரே நேரத்தில் புரட்டிப் பார்க்க வேண்டி வந்த விளக்கக் குறிப்பு இது.

அதில் மாநிலங்களுக்கு எண் கொடுத்து ஓர் அட்டவணை இருக்கிறது. ஜொகூர் 01, கெடா 02, பினாங்கு 07, பேராக் 08. அடையாள அட்டை எண்ணின் நடுவில் பிறந்த மாநிலத்தைக் காட்டும் எண்களும் இவையேதான். இந்த அட்டவணையை எழுதி வைக்காமல், மாநிலத்தின் பெயரைப் போடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? ஒருவர் பினாங்கு என்பார், ஒருவர் புலாவ் பினாங் என்பார், ஒருவர் பினாங்குத் தீவு என்பார். மூன்றும் மனிதருக்கு ஒன்றுதான். இயந்திரத்துக்கு மூன்று வெவ்வேறு இடம்.

அந்தக் குறிப்பில் பாராட்ட வேண்டியவை வேறு சிலவும் உண்டு. விளக்கத்தோடு நிற்காமல், முழுமையாக நிரப்பப்பட்ட மாதிரி விலைப்பட்டியல்களைக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையான கணக்கைத் தொடாமல் பழகிப் பார்ப்பதற்கு ஒரு சோதனைக் களம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு விலைப்பட்டியல் ஏற்கப்பட்ட நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அதை ரத்து செய்யலாம் என்ற கணக்கையும் சொல்கிறார்கள். இங்கே 72 என்ற எண்ணைவிட, எந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதே முக்கியம். பொருள் விற்ற நேரமா, அனுப்பிய நேரமா, வாரியத்தின் கணினி ஏற்ற நேரமா? இந்த ஒரு சொல் விடுபட்டால் சனிக்கிழமை விற்ற பொருளுக்குச் செவ்வாய்க்கிழமை சண்டை வரும்.

பூஜ்ஜியம் போனால் ஆளே போவார்

பேராக்கின் எண் 08 என்றேன். இதைக் கணினியில் எண் என்று சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் காணாமல் போய் வெறும் 8 நிற்கும். எக்செல்லில் வேலை செய்தவர்கள் எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். அலோர் ஸ்டாரின் அஞ்சல் எண் 05000. சுங்கைப் பட்டாணிக்கு 08000. பூஜ்ஜியம் போனால் அவை 5000, 8000 ஆகிவிடும். கடிதம் போகிற ஊரே இல்லாமல் போகும். நம் ஊருக்கு 34200 என்பதால் இங்கேயே இருந்து எழுதி, இங்கேயே சோதித்துப் பார்க்கும் நிரலாளர் இந்தத் தொல்லையைக் கண்ணாலேயே பார்க்க மாட்டார். வடக்கே கொண்டுபோனால்தான் தெரியும்.

இதைவிடப் பெரியது அடையாள அட்டை எண். அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. 2000-ஆம் ஆண்டு முதல் 2009 வரை பிறந்த ஒவ்வொருவருடைய எண்ணும் பூஜ்ஜியத்தில்தான் தொடங்குகிறது. இப்போது கல்லூரிக்கும் வேலைக்கும் மனுப் போடும் வயதில் இருப்பவர்கள் இவர்கள்தான். 12 இலக்க எண்ணை 11 இலக்கமாகச் சேமித்த கணினி, மறுநாள் அந்தப் பிள்ளையைத் தேடினால் கிடைக்கவில்லை என்று சொல்லும். பிள்ளை முகப்பில் அட்டையோடு நின்றுகொண்டிருக்கும்.

இதைத் தவிர்க்கப் பெரிய அறிவியல் ஒன்றும் தேவையில்லை. விளக்கக் குறிப்பில் ஒரே ஒரு வரி போதும்: இது கூட்டிக் கழிக்கும் எண் அல்ல, எழுத்து போல அப்படியே சேமிக்கவும். எழுதியவருக்கு இது சின்ன விஷயம். சொல்லவே வேண்டாம் என்று விட்டிருப்பார். சொல்ல வேண்டாம் என்று விடுகிற இடங்களில்தான் அடுத்தவர் விழுகிறார்.

நம் பெயருக்கு நடுவில் ஒரு கோடு

இனி, இந்த அரங்கில் இருக்கும் பலருக்கும் அனுபவம் இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். நம் பெயரில் ஏ/எல், ஏ/பி என்று வருகிறது. மலாயில் மகன், மகள் என்று பொருள். நடுவில் ஒரு சாய்கோடு. இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பும்போது, பெயரில் செல்லாத குறி இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் வருவது நம்மில் பலருக்குப் பழக்கமானது. நம் அடையாள அட்டையில் அரசாங்கமே அச்சிட்டுக் கொடுத்த பெயர், படிவத்துக்குச் செல்லாத பெயராகிவிடுகிறது.

யாரும் நம்மை வேண்டுமென்று ஒதுக்கிச் செய்வதல்ல இது. கணினிக்குச் சாய்கோட்டுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. இணைய முகவரியிலும் கோப்புகளின் இருப்பிடத்திலும் ஒரு பகுதியை இன்னொரு பகுதியிலிருந்து பிரிப்பது அதுதான். விமானச் சீட்டு முன்பதிவில் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிப்பதும் அதுதான். அதனால்தான் பயணச்சீட்டில் அந்தக் கோடு இல்லாமல் நம் பெயர் அச்சாகிறது. வெளிநாட்டு நிரலாளர் பாதுகாப்புக்காகச் சாய்கோட்டைத் தடுத்து வைப்பார். அவர் ஊரில் யாருடைய பெயரிலும் அது இல்லை.

ஆனால் இங்கே அந்த மென்பொருளை வாங்கிப் பொருத்துகிற குழுவில் நம் பிள்ளைகள் இருக்கிறார்களே! அவர்கள் குறிப்பில் மூன்று வரி எழுதலாம். மலேசியப் பெயர்களில் சாய்கோடு வரும், அதை நீக்கக் கூடாது. எல்லாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கக் கூடாது. தந்தையின் பெயர் குடும்பப் பெயர் அல்ல. இந்த மூன்று வரிகளை எழுத நம்மைவிடத் தகுதியானவர் யார்? நாம் எழுதவில்லை என்றால் வேறு யார் எழுதுவார்?

தோட்டத்தில் கிராணியின் செக்ரோலில் பெயர் ஏறினால்தான் அன்றைய நாள் கணக்கில் வரும் என்று நம் தாத்தாக்களுக்குத் தெரியும். எழுத்தில் ஏறாதது கணக்கில் இல்லை. கணினி அந்தக் கிராணியைவிடக் கண்டிப்பானது.

தமிழ் என்றால் மூன்றா, ஐந்தா, பதினைந்தா?

நம் மொழியையே எடுத்துக்கொள்வோம். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் ஆண்டு மாணவரும் மூன்று என்பார். கணினியைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யூனிகோடு முறையில் ஐந்து குறிகளாக அது சேமிக்கிறது. அதையே எத்தனை பைட் என்று கேட்டால், பரவலாகப் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் பதினைந்து. மூன்று விடையும் சரி. அவரவர் எண்ணுவது வெவ்வேறு.

ஒரு விளக்கக் குறிப்பில் 'பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தால் அது எந்த 20? தமிழாசிரியர் எண்ணும் இருபதா, கணினி எண்ணும் இருபதா? குறுஞ்செய்தியில் இதைப் பணமாகவே பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறிகள்தான். அதிலும் கொக்கியும் புள்ளியும் கணக்கில் சேரும். இது தெரியாமல் கோயில் திருவிழாவுக்கோ பள்ளி ஆண்டு விழாவுக்கோ தமிழில் அழைப்பு அனுப்பும் மென்பொருளை எழுதினால், ஒரு செய்தி என்று நினைத்தது மூன்று செய்தியாகிக் கட்டணமும் மூன்று மடங்காகும்.

இன்னொரு சுவையான தகவல். உலக மொழிகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் நம் ஆய்த எழுத்துக்கு விசர்க்கம் என்று வடமொழி இலக்கணப் பெயரை இட்டுவிட்டார்கள். ஒருமுறை கொடுத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அந்த அமைப்பின் விதி. மாற்றினால் ஏற்கெனவே எழுதிய நிரல்கள் குழம்பும். அப்படியானால் என்ன செய்தார்கள்? எழுத்து அட்டவணையில் அந்தப் பெயருக்குக் கீழே ஆய்தம் என்று ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள். அதற்கு முந்திய இடத்தில் உள்ள அனுஸ்வாரக் குறிக்குப் பக்கத்தில், தமிழில் பயன்படுவதில்லை என்று எழுதி வைத்தார்கள். பெயரைத் திருத்த முடியாத இடத்திலும் ஒரு வரிக் குறிப்பு வழி காட்டுகிறது.

அட்டவணை இருந்ததால் பிழைத்த நூலகம்

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழில் தட்டச்சு செய்த அனுபவம் இங்குள்ள பெரியவர்களுக்கு இருக்கும். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலத்திலிருந்தே பலரும் பல முயற்சிகள் செய்தார்கள். ஆனால் எழுத்துருக்கு எழுத்துரு குறியீடு வேறுபட்டது. ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது.

1990-களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்துத் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அதன் அட்டவணையை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் அதை வழிநடத்தினார். தொடக்க காலத்து நூல்கள் திஸ்கியில் இருந்தன. பிறகு யூனிகோடு வந்தபோது அந்த நூல்களைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டிய நிலை வரவில்லை. அட்டவணை இருந்ததால் நிரல் எழுதி மாற்ற முடிந்தது. இன்றும் லினக்ஸ் கணினிகளில் திஸ்கியைப் படித்து மாற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது.

அதே காலத்தில், அட்டவணை வெளியிடப்படாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை என்ன ஆகும்? ஆலய மலர்களும், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ்களும், சங்கக் கூட்டக் குறிப்புகளும் பழைய வட்டுகளில் இருக்கலாம். எழுத்துரு தொலைந்தால், எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒருவர் உட்கார்ந்து துப்புத் துலக்க வேண்டும். ஒரு பக்க அட்டவணை செய்கிற வேலையை அதன் பிறகு மாதக்கணக்கில் செய்தாக வேண்டும்.

எப்படி எழுதுவது?

இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரப் பகுதியில், ஒரு நூலின் முகப்பில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. எழுதியவர் யார், நூலின் பெயர் என்ன, எந்த நூலின் வழியில் வந்தது, எந்தப் பகுதியில் வழங்குவது, எதைப் பற்றியது, யார் படிக்கத் தக்கவர், படித்தால் என்ன பயன் என்பனவற்றோடு, எழுந்த காலமும் காரணமும்கூட அதில் உண்டு. இன்று மென்பொருளோடு 'ரீட்மீ' என்று ஒரு கோப்பு வைக்கிறார்கள். அதில் இருக்க வேண்டியவையும் ஏறத்தாழ இவைதான்.

இதை அடிப்படையாக வைத்து இளையோருக்கு ஐந்து செய்திகள் சொல்கிறேன்.

முதலாவது, யாருக்கு என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். படிப்பவர் முன்பே தெரிந்திருக்க வேண்டியது என்ன, கணினியில் முன்பே இருக்க வேண்டியது என்ன என்று எழுதுங்கள். பாதி தூரம் வந்தபின், இதற்கு வேறொரு மென்பொருள் வேண்டும் என்று சொல்வது, குழம்பு கொதிக்கும்போது புளியை நேற்றே ஊற வைத்திருக்க வேண்டும் என்று சொல்வது போன்றது.

இரண்டாவது, முழுமையான ஓர் உதாரணம் கொடுங்கள். அப்படியே எடுத்து ஓட்டினால் ஓட வேண்டும். அதை நீங்களே புதிய கணினி ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். மின் விலைப்பட்டியலில் பொதுவான வாங்குநருக்கு ஒரு வரி எண் இருக்கிறது: இரண்டு எழுத்தும் பதினோரு இலக்கமும். இலக்கங்களில் பெரும்பாலானவை பூஜ்ஜியம். இப்படிப்பட்டதை விளக்கிக் கொண்டிருக்க முடியாது. அப்படியே எடுத்துக்கொள்ளும்படி கொடுக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, தவறினால் என்ன வரும் என்று எழுதுங்கள். பெரும்பாலோர் எல்லாம் சரியாக நடக்கும் வழியை மட்டும் எழுதுகிறார்கள். குறிப்பைத் தேடி வருகிறவர் எங்கோ மாட்டிக்கொண்டுதான் வருகிறார். திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே எழுதி, அதற்குக் காரணமும் தீர்வும் பக்கத்தில் எழுதினால் அவர் உங்களை வாழ்த்துவார்.

நான்காவது, காரணத்தை எழுதுங்கள். என்ன செய்திருக்கிறது என்பதை நிரலைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதை நிரல் சொல்லாது. சாய்கோட்டை ஏன் அனுமதித்தோம் என்று எழுதாவிட்டால், அடுத்து வருகிறவர் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார். நம் பெயர் மறுபடியும் செல்லாததாகும்.

ஐந்தாவது, காலத்தை எழுதுங்கள். எந்தப் பதிப்புக்கு, எந்த நாளில் சரிபார்த்தது என்று போடுங்கள். பழைய குறிப்பு, குறிப்பே இல்லாததைவிட ஆபத்து. மூடப்பட்ட பாலத்தைக் காட்டும் வழிப்பலகை போல அது நம்பிக்கையோடு தவறான வழி காட்டும். நிரலை மாற்றும் நாளிலேயே குறிப்பையும் மாற்றுவது என்று பழக்கப்படுத்திக் கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் திணிக்கவும் வேண்டாம். டேனியலே புரொசிடா என்பவர் விளக்கக் குறிப்புகளை நான்காகப் பிரிக்கிறார். நம் சமையலறையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். முதல் தடவை தோசை சுடும் மகளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லித் தருவது ஒன்று. சமைக்கத் தெரிந்தவருக்கு, ஐம்பது பேருக்குச் சாம்பார் வைப்பது எப்படி என்று சொல்வது இன்னொன்று. எந்த டப்பாவில் எது, எவ்வளவு என்ற பட்டியல் மூன்றாவது. மாவு ஏன் புளிக்க வேண்டும் என்ற விளக்கம் நான்காவது. முதல் தோசைக்கு நிற்கும் பிள்ளையிடம் புளிப்பின் அறிவியலைப் பேசினால் தோசை கருகும்.

இதற்கு நல்ல உதாரணம் ஜாங்கோ என்ற மென்பொருள். இணையத்தளங்களை உருவாக்க உலகம் முழுவதும் பயன்படுகிறது. இது பிறந்த இடம் ஒரு செய்தித்தாள் அலுவலகம் என்பது நாளிதழ் வாசகர்களுக்குப் பெருமை தரும் செய்தி. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரச் செய்தித்தாளில் வேலை பார்த்த அட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கினார்கள். 2005-இல் உலகுக்குத் திறந்துவிட்டார்கள். அதன் விளக்கக் குறிப்பு, புதியவரைக் கையைப் பிடித்து ஒரு சிறு வாக்கெடுப்புச் செயலியை உருவாக்க வைக்கிறது. முடித்தவர் தாமே ஒன்று செய்துவிட்டோம் என்ற தெம்போடு எழுகிறார்.

சில மறுப்புகள்

நேரம் இல்லை என்பார்கள். ஒரே கேள்விக்கு மூன்று பேருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் நேரத்தில் அதை எழுதிவிடலாம்.

2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை, நீண்ட ஆவணங்களைவிட ஓடும் மென்பொருளே மேல் என்று சொல்லிவிட்டதே என்பார்கள். அந்த அறிக்கை ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று சொல்லித்தான் மென்பொருளுக்கு அதிக மதிப்புக் கொடுத்தது. யாரும் படிக்காத ஐந்நூறு பக்கம் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். படிக்கும்படியான ஐந்து பக்கம் வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதித் தருமே என்பது புதிய மறுப்பு. எழுதித் தரும். நிரலைக் காட்டினால் அது என்ன செய்கிறது என்று அழகாகவே எழுதும். ஆனால் கடை முதலாளி திங்கட்கிழமை காலையில்தான் கணக்கை மூடுவார் என்பதும், அதனால்தான் அந்த வேலை ஞாயிறு இரவு ஓடக் கூடாது என்பதும் நிரலில் இல்லை. அது உங்கள் தலையில் இருக்கிறது. எங்கும் எழுதப்படாததை எந்த இயந்திரமும் படித்திருக்காது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கணினி படிக்கிறான், மொழிப்பாடம் எதற்கு என்று நினைக்காதீர்கள். தெளிவாக ஒரு பத்தி எழுதத் தெரிந்த நிரலாளருக்குக் குழுவில் மதிப்பு அதிகம். அவர் எழுதியதை வைத்துப் பத்துப் பேர் வேலை செய்ய முடியும். தமிழ்ப்பள்ளியில் கட்டுரை எழுதப் பழகிய பயிற்சி அங்கே வீணாகாது. எந்த மொழியில் எழுதினாலும் கோவையாகச் சொல்லும் பழக்கம் ஒன்றுதான்.

இந்த வாரமே தொடங்கலாம். நீங்கள் எழுதிய நிரல் ஒன்றை எடுங்கள். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அதைப் பார்த்தே இராத நண்பரிடம் கொடுங்கள். அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஆனால் வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ, அங்கே ஒரு வரி சேருங்கள். அவர் தயங்காமல் கடைசி வரிக்கு வந்துவிட்டால் உங்கள் குறிப்பு பயன்படும் குறிப்பு.